சாப்பிடாத மீன்

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் உர்சுலாவுக்குத் ‘தீவு அக்கா’ என்று ஒரு பெயர் இருந்தது. அலுவலகத்தில் யார் லங்காவிக்கோ தியோமானுக்கோ கிளம்பினாலும், டிக்கெட் எடுத்த கையோடு அவளுடைய மேசைக்கு வந்துவிடுவார்கள்.

“அக்கா, நாலு பேரு போறோம், சின்னப் பிள்ளைங்க ரெண்டு. சாப்பாட்டுக்கு எங்க போனா கட்டுப்படியாகும்?”

அவள் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்துவிட்டுச் சொல்வாள். படகு வந்து நிற்கும் ஜெட்டியில் இறங்கியதும் எதிரில் தெரியும் கடைகளில் உட்காராதே, இரண்டு தெரு உள்ளே போ. சோறு சூடாக வேண்டுமென்றால் பதினொன்றரைக்கே போய்விடு. சுவரில் விலை எழுதாத கடையில் மீனைக் கைகாட்டாதே, முதலில் எடை போடச் சொல். அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. போய்விட்டு வந்தவர்கள் நெத்திலிக் கருவாடும் சாக்லேட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

அந்தத் தீவுகளில் ஒன்றைத் தவிர வேறெதிலும் அவள் கால் வைத்ததில்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய அப்பா கொர்னேலியஸ் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடமே வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் ஐவன் ஜொகூரில் குடும்பத்தோடு இருந்தான். அம்மா முன்பே இறந்துவிட்டாள். ஆக, ஒன்பது வருடம் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து ஊட்டியது உர்சுலாதான். காலையில் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் நேரே வீட்டுக்கு வருவாள். அந்த ஒன்பது வருடத்தில் அவள் வெளியூரில் தங்கியது இரண்டே நாள். அலுவலகத்தோடு பங்கோர் தீவுக்குப் போனது அது. ஐவன் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டான். பங்கோரில் ஒரு மலாய்க்கார அம்மாவின் கடையில் அவள் மூன்று வேளை சாப்பிட்டாள். அந்த அம்மா ஊற்றிய புளிக்குழம்பின் ருசியைப் பல மாதம் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்தது ஊரடங்கு வருடத்தில். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி தாங்காமல்தான் அவள் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, பங்கோர் பற்றி மூன்று பதிவு எழுதினாள். அவளுக்கு எழுத்து வந்தது. எங்கும் போக முடியாமல் வீட்டுக்குள் கிடந்தவர்கள் அதை வாய் ஊறப் படித்தார்கள். “லங்காவி எப்ப அக்கா எழுதுவீங்க?” என்று கேட்டார்கள்.

‘போனதில்லை’ என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதத்தான் உட்கார்ந்தாள். ஆனால் ‘பொறுங்க, சீக்கிரம்’ என்று எழுதிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வழி பிடிபட்டது. மற்றவர்கள் போட்ட படங்களைப் பார்ப்பாள். அவர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியதையெல்லாம் படிப்பாள். அலுவலகத்துக்கு வரும் லோரி ஓட்டுநர்களுக்குப் பாலில்லாத தேநீர், தே ஓ, வாங்கிக் கொடுத்து, வடக்கே போனால் எங்கே சாப்பிடுவார்கள் என்று அவர்களிடம் கேட்பாள். எல்லாவற்றையும் கலந்து, நடுவில் ‘மழை பிடித்துக்கொண்டது, கடைக்கார அக்கா எனக்கொரு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார்’ என்று ஒரு வரியைச் சேர்த்தால், போனது போலவே ஆகிவிடும். நான்கு வருடத்தில் முப்பதாயிரம் பேர் அவள் பக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. போகப் போகக் கூச்சம் மரத்துப்போனது. யாருக்கு என்ன நட்டம், நல்ல கடையைத்தானே காட்டுகிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

அப்படியிருக்கையில் ஒரு ஜனவரி மாதம் ‘லங்காவியில் பத்து வெள்ளிக்குள் வயிறு நிறைய ஏழு இடங்கள்’ என்று ஒரு பட்டியல் போடத் தயாரானாள். முந்தைய பதிவுக்குக் கீழே ஒருவர் கேலி செய்திருந்தார்: ‘எல்லாக் கடையும் சூப்பர்னு எழுதுறீங்களே, காசு வாங்கிட்டீங்களா?’ அது அவளைச் சுட்டுவிட்டது. அவள் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஏழு கடையில் ஒன்றையாவது குறை சொன்னால்தான் நம்புவார்கள் என்று பட்டது. பெரிய கடையைக் குறை சொன்னால் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஏழாவதாக இருந்தது ஒரு சின்னக் கடை. குவா நகரத்துக்கு வெளியே தமிழ்க் குடும்பம் ஒன்று நடத்தும் சோற்றுக்கடை. அதைப் பற்றி எழுதியிருந்தவர்களே நாலைந்து பேர்தான். உர்சுலா அதற்கு நேரே எழுதினாள்: ‘குழம்பு அருமை, சோறு தாராளம். ஆனால் நான் சாப்பிட்ட மீன் முதல் நாள் மீன். வேண்டுமானால் கோழி வாங்கிக்கொள்ளுங்கள்.’

அவ்வளவுதான். அந்த வரியை எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிப்ரவரியில் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. அந்தக் கடைக்கார அம்மா மலர்விழி அனுப்பியது.

‘வணக்கம் அக்கா. எங்க கடையைப் பத்தி எழுதுனதுக்கு நன்றி. மீன் சரியில்லைன்னு போட்டிருந்தீங்க. மன்னிக்கணும். எந்தத் தேதி வந்தீங்கன்னு சொன்னா, அன்னைக்கு என்ன தப்பு நடந்துச்சுன்னு பாத்து சரி பண்ணிக்குவோம். மறுபடி வந்தா கண்டிப்பா வந்து சாப்பிடணும், எங்க செலவு.’

திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பாள். மன்னிக்கணும் என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு தேதியைச் சொல்லிவிடலாமா என்றுகூட நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு வாரம் கழித்து, அந்தக் கடையைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, ‘ஏழு இடங்கள்’ என்பதை ‘ஆறு இடங்கள்’ என்று மாற்றினாள். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பட்டியல் அதற்குள் படமாகி எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய அண்ணி ஜொகூரிலிருந்து அதை அவளுக்கே அனுப்பி, ‘நல்லா எழுதியிருக்கே’ என்று சொன்னாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது அதே மலர்விழியிடமிருந்து மெசேஜ்.

‘அக்கா, நீங்க பிசியா இருப்பீங்க. மகளை செமினியில காலேஜ்ல சேக்க வந்தேன். நேத்து ஹாஸ்டல்ல விட்டாச்சு. ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸ்ல தங்குனேன். சாயங்காலம் ஃபிளைட். ஊரு பழக்கமில்ல. கம்மி விலையில நல்ல சாப்பாடு எங்கன்னு சொல்லுங்க. உங்கள விட்டா எனக்கு யாரைக் கேக்கன்னு தெரியல.’

உர்சுலா கோயில் வாசலிலேயே நின்றாள். ஒரு கடையின் பெயரை எழுதி அனுப்பிவிட்டால் முடிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கே சாப்பிடலாம் என்பது அவளுக்கு நிஜமாகவே தெரியும். அப்பா வேலை பார்த்த காலத்தில் அங்கேதான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தாள். ஆனால் விரல் எழுதியது வேறு. ‘அங்கேயே இருங்க அக்கா, நானே வரேன்.’

கொமுட்டர் ரயிலில், பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரல் நிலையம் வரும்வரை, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தொடக்கம் வைத்திருந்தாள். இறங்கும்போது ஒன்றும் நினைவில் இல்லை.

மலர்விழி சிறிய உருவம். ஐம்பதை நெருங்குகிறவர். புதுப் புடவை, பழைய செருப்பு. உர்சுலாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“படத்துல பாத்த மாதிரியே இருக்கீங்க. இவ்ளோ தூரம் எனக்காக வந்தீங்களா?”

“தூரமெல்லாம் இல்லக்கா. வாங்க.”

பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் இருந்த வாழை இலைக் கடைக்கு அழைத்துப் போனாள். இலை போட்டார்கள். மலர்விழி சமையல்காரரின் கண்ணோடு எல்லாவற்றையும் பார்த்தார். ரசத்தை முதலில் நாக்கில் வைத்து, “பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லாருக்கு” என்றார். பொரித்த கெம்போங் மீன் ஒன்றைப் பரிமாறுகிறவர் வைத்தபோது, அதன் வயிற்றுப் பக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்னு ஏழு மாசமா மனசுல கெடக்கு. அன்னைக்கு எங்க கடையில நீங்க சாப்பிட்டது என்ன மீனு? தெங்கிரியா, கெம்போங்கா?”

உர்சுலா வந்ததே உண்மையைச் சொல்லத்தான். வாயைத் திறந்தாள். எதிரே அந்த முகம் பதிலுக்காகக் காத்திருந்தது, குற்றம் சாட்டும் பார்வையே இல்லாமல். கண் இலைக்குப் போனது.

“கெம்போங்” என்றாள்.

மலர்விழி மூச்சை இழுத்துவிட்டார். “அதான். அப்ப நான் நெனச்சது சரிதான்.”

“என்னக்கா?”

“தெங்கிரி என் வீட்டுக்காரரு மார்க்கெட்ல வாங்குவாரு. கெம்போங் மட்டும் என் கொழுந்தன் அய்யாவு. கடை தொடங்குன நாள்லேர்ந்து அவன்தான். விடியுமுன்னாடி ஜெட்டிக்குப் போயி படகுலேர்ந்து நேரா வாங்கிட்டு வருவான். உங்க போஸ்ட்ட பாத்துட்டு அவனக் கேட்டேன், ஏன்டா, முதல் நாளு மீனையா கொண்டாந்தேன்னு. சத்தியமா இல்ல அண்ணின்னான். நான் விடல. போனைத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுனேன். இவங்களுக்கு என்னடா நம்ம மேல பகை, வேணும்னேவா எழுதுவாங்கன்னு கேட்டேன். கடைச் சாவிய மேசையில வெச்சுட்டுப் போனவன்தான். இப்ப கோலா பெர்லிஸ்ல யாரோ ஒரு தவுக்கே, சீன முதலாளிகிட்ட மீன் பிரிக்கிற வேலை. என் வீட்டுக்காரரு என்கிட்ட ரெண்டு மாசம் பேசல. பதினாறு வருசம் அக்கா, ஒரு நாளு அவன் கெட்ட மீன் கொண்டாந்ததில்ல. அதான் எனக்கே மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அவசரப்பட்டுட்டமோன்னு. இப்ப நீங்களே கெம்போங்குன்னு சொல்லிட்டீங்க.” அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அந்த நிம்மதியைத்தான் உர்சுலாவால் பார்க்க முடியவில்லை. அரை நிமிடத்தில் எழுதிய வரியை மறந்துவிடப் பார்த்தவள், இப்போது அய்யாவுவை இன்னொரு முறை பொய்யனாக்கியிருந்தாள். பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது போலிருந்தது.

“அக்கா, நான் உங்க கடையில சாப்பிடல.”

மலர்விழிக்குப் புரியவில்லை. “வேற கடைன்னு சொல்றீங்களா?”

“எந்தக் கடையிலயும் சாப்பிடல. நான் லங்காவிக்கே வந்ததில்ல. அந்த மீனு விசயத்த நானா எழுதுனேன். எல்லாத்தையும் நல்லாருக்குன்னு எழுதுனா யாரும் நம்பமாட்டாங்கன்னு, ஒரு குறை சொல்லணும்னு எழுதுனேன். உங்க கடை சின்னது, யாரும் கேக்கமாட்டாங்கன்னு. இப்ப கெம்போங்குன்னு சொன்னதும் பொய்தான்.”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில், மெதுவான குரலில் சொல்லிவிட்டாள். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து “சாம்பார், அக்கா?” என்றார். மலர்விழி இலைக்குக் குறுக்கே கையைக் காட்டினார். அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

மலர்விழி கத்துவார் என்று உர்சுலா எதிர்பார்த்தாள். கத்தினால் தாங்கிக்கொள்ளலாம். அவர் கத்தவில்லை. இலையில் இருந்த மீனை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“அப்ப அவன் சொன்னது நெஜம்” என்றார்.

“நெஜம்தான் அக்கா.”

“யாருன்னே தெரியாத உங்கள நம்புனேன். பதினாறு வருசம் கூட நின்னவன நம்பல.” அவருடைய குரல் அப்போதுதான் உடைந்தது. “சாப்பிடாத மீனுக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

அழுவார் போலிருந்தது. ஆனால் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பையிலிருந்து போனை எடுத்து, அய்யாவுவின் எண்ணைத் திறந்து மேசையில் வைத்தார்.

“பேசுங்க. என் முன்னாடி பேசுங்க.”

கடைக்கு வெளியே, நடைபாதையின் நிழலில் நின்று உர்சுலா தன் போனிலிருந்து கூப்பிட்டாள். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தமும் யாரோ மலாயில் எண்ணும் குரலும் கேட்டன. அய்யாவு எடுத்தான். தான் யார், என்ன செய்தாள், யார் பக்கத்தில் நிற்கிறார் என்பதையெல்லாம் அவள் சொன்னாள். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. அவள் முடித்த பிறகும் இயந்திரச் சத்தம் மட்டும் வந்தது.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன்.” பிறகு சொன்னான்: “நீங்க என்னைப் பாத்ததே இல்ல. பாக்காதவங்க என்ன வேணாலும் எழுதுவாங்க. அது பெரிசில்லக்கா.”

“நான் செஞ்சது பெரிய தப்பு, அண்ணே.”

“சரி. சொல்லிட்டீங்கல்ல. வேலை இருக்கு.”

மலர்விழி போனுக்காகக் கையை நீட்டியிருந்தார். உர்சுலா “உங்க அண்ணி பேசணுங்கிறாங்க” என்றாள்.

“இப்ப வேணாம். குடுக்காதீங்க” என்றான் அவன். தொடர்பு அறுந்தது.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு அதை மலர்விழி புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார், ஈரமே இல்லாத கையை. 

சாப்பாட்டுக் காசைக் கொடுக்க உர்சுலா உள்ளே போனபோது மலர்விழி தடுத்தார். “என்னோடத நான் குடுத்துக்கிறேன்.” உர்சுலா தன்னுடையதை மட்டும் கொடுத்தாள். விமான நிலையத்துக்குப் போகும் பஸ் நிற்குமிடம்வரை கூடவே நடந்தாள். பஸ்ஸில் ஏறுமுன் மலர்விழி திரும்பினார்.

“அந்த வரிய எடுத்தீங்கல்ல? நான் அன்னைக்கே பாத்துட்டேன். பாவம், நம்ம பொழப்பு கெட்டுடக்கூடாதுன்னு நல்ல மனசோட எடுத்துட்டாங்கன்னு வீட்டுல சொன்னேன். இப்ப திருப்பிப் போடுங்க. நீங்க எழுதுன மாதிரியே. அதுக்குக் கீழ நெஜத்த எழுதுங்க. அவன் பேரு போடாதீங்க, கடை பேரு போடுங்க.”

“எழுதுறேன் அக்கா.”

“எழுதுவீங்களான்னு தெரியல எனக்கு” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அந்த வாக்கியம் கிள்ளான்வரை கூட வந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில், அலுவலகக் கணினியில் உட்கார்ந்து எழுதினாள். முதலில் எழுதியதில் அப்பா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் வீட்டின் அமைதியும் வந்தன. படித்துப் பார்த்தாள். இரக்கம் கேட்பது போலிருந்தது. எடுத்துவிட்டாள். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஒரு வரி இருந்தது. அது நேர்ந்ததல்ல, அவள் செய்தது. அதையும் மாற்றினாள். கடைசியில் மிஞ்சியது பன்னிரண்டு வரி. பங்கோர் தவிர எந்தத் தீவுக்கும் போனதில்லை, எழுதியதெல்லாம் பிறர் சொன்னது, இந்தக் கடையின் மீனைப் பற்றிச் சொன்னது முழுப் பொய், அந்தப் பொய்யால் ஒரு நேர்மையான மனிதர் வேலையை விட்டார். பழைய வரிகளை மேலே ஒட்டி, இதைக் கீழே போட்டு, அனுப்பிவிட்டு, கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

திட்டியவர்கள் திட்டினார்கள். ‘உங்களை நம்பி பிள்ளைகளோடு போனோமே’ என்று ஒரு தாய் எழுதியிருந்தார். அதைப் படிக்க முடிந்தது. படிக்க முடியாதவை மற்றவைதான். ‘ஒத்துக்கொள்ளவும் ஒரு தைரியம் வேண்டும், நீங்கள் கிரேட் அக்கா’ என்று நூற்றுக்கணக்கானவர்கள் இதயம் போட்டார்கள். பொய் எழுதியபோதும் இதே இதயங்கள்தான் வந்தன. நாலாம் நாள் பக்கத்தில் எதுவும் எழுத முடியாதபடி மூடி வைத்தாள். அந்த ஒரு பதிவு மட்டும் மேலே தெரியும்படி விட்டாள்.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக் கிஷன் அவள் மேசைக்கு வந்தான். அவள் பேச்சைக் கேட்டுத் தியோமானுக்குத் தேனிலவு போய்வந்தவன்.

“என்ன அக்கா, அப்ப அந்தத் தேங்காய்ப்பால் எறா நீங்க சாப்பிட்டதே இல்லையா? அய்யோ, நல்லாத்தான் இருந்துச்சு லா! டென்சன் ஆகாதீங்க.”

அவன் சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. உர்சுலா சரக்குத் தாள்களை அடுக்கினாள், அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்கவில்லை. கருவாட்டுப் பொட்டலமும் வரவில்லை.

தீபாவளி கழிந்து நாலைந்து நாள் இருக்கும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மலர்விழியிடமிருந்து மெசேஜ் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் எழுதுவது அதுதான் முதல் தடவை.

‘தீபாவளிக்கு அய்யாவு வந்தான். ஒரு வேளை சாப்பிட்டான். நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைங்க முன்னாடி வேணாம் அண்ணின்னு எழுந்து வெளிய போயிட்டான். போகும்போது ஜெட்டியில இப்ப கெம்போங் என்ன விலைன்னு கேட்டான். என் வீட்டுக்காரரு சொன்னாரு. அவ்ளோ குடுக்காத அண்ணே, ஏமாத்துறாங்கன்னு சொல்லிட்டு படகு ஏறிட்டான். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.’

உர்சுலா அதை மூன்று தடவை படித்தாள். பஸ் வந்தது, போனது. சந்தோசம் என்று எழுத அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று மறுபடியும் எழுதினால், அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க மனம் வரவில்லை. கடைசியில் ‘சொன்னதுக்கு நன்றி அக்கா’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள். மலர்விழி படித்துவிட்ட அடையாளம் வந்தது. பதில் எதுவும் வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆகும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அவள் தலையசைத்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, நின்றுகொண்டே காத்திருந்தாள்.